முதுகில் வைத்த பொட்டு

எனக்கு வாய்க்கொழுப்பு அதிகம். இதை என் மனைவி சொன்னபோதெல்லாம் சண்டைக்குப் போயிருக்கிறேன். இப்போது நானே எழுதுகிறேன். சண்டை போட இனி ஆளில்லை.

மலாயாவுக்குச் சுதந்திரம் வருவதற்கு முந்திய வருஷம் நாங்கள் மலாக்காவில், காஜா பெராங்கில் ஒரு பலகை வீட்டில் வாடகைக்கு இருந்தோம். அரசாங்க அலுவலகம் ஒன்றில் நான் நில வரைபடம் வரைபவன். அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவி என்னை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்பினார். அந்தப் படிப்பு எனக்கு ஒரு மேசை உத்தியோகத்தையும் ஒரு திமிரையும் கொடுத்தது. உத்தியோகம் ஐம்பத்தைந்து வயதில் போய்விட்டது. மற்றது இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது.

எங்கள் அலுவலகத் துரை ஊருக்குத் திரும்ப மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். ஒருமுறை வரைபடம் கொடுக்க அவர் பங்களாவுக்குப் போனபோது உள்ளே யாரோ வயலின் வாசிப்பதுபோல் கேட்டது. எட்டிப் பார்த்தால் ஆளே இல்லை. மூலையில் பீரோ உயரத்துக்கு ஒரு ஸ்பீக்கர் பெட்டி, பக்கத்தில் இரும்புக் கூண்டுக்குள் வால்வுகள் மெல்ல எரிந்துகொண்டிருந்தன. அன்றைக்குப் பிடித்தது பைத்தியம். ஊருக்குப் போகிறவர் இவ்வளவு கனத்தைக் கப்பலில் ஏற்றமாட்டார் என்று கணக்குப் போட்டு, வெட்கத்தை விட்டுக் கேட்டேன். கொடுத்துவிட்டார். ஸ்பீக்கர் பெட்டியை லாரியிலிருந்து இறக்க நாலு பேர் வேண்டியிருந்தது.

வால்வு ஆம்பிளிஃபையரை இந்தக் காலத்துப் பிள்ளைகள் பார்த்திருக்க மாட்டார்கள். கனத்த இரும்புத் தட்டின் மேல் கண்ணாடிக் குமிழ்கள் வரிசையாக நிற்கும். அவைதான் வால்வு. சூடேறி உள்ளே செம்மஞ்சளாக எரிந்தால்தான் பாட்டு வரும். என்னுடையதில் பெரிய வால்வு மூன்று, சின்னது மூன்று. பெரிய வால்வுகளின் கண்ணாடியில் செய்த கம்பெனியின் பெயர் பொன்னெழுத்தில் இருந்தது. முதல் நாள் கூண்டைக் கழற்றி அந்த எழுத்தை நான் எத்தனை தடவை படித்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். அதற்குப் பிறகு கூண்டை மூடிவிட்டேன். தூசு படக்கூடாது என்பது துரையின் கண்டிப்பு.

அதை வீட்டில் இணைத்துக் கொடுத்தவன் என் நண்பன். இரண்டு சந்து தள்ளி, செட்டிகள் கம்பத்தில், அதாவது அவர்களுடைய குடியிருப்பில், இருந்தான். ரேடியோ பழுது பார்ப்பவன், சினிமாக் கொட்டகை ஆம்பிளிஃபையருக்கும் அவன்தான் வைத்தியன். மலாக்கா செட்டி. பல தலைமுறையாக இந்த ஊர்க்காரர்கள். விபூதி உண்டு, கோயில் உண்டு, தமிழ்தான் இல்லை. வீட்டிலும் வெளியிலும் அவர்களுடைய ஒரு மாதிரியான மலாய். என்னை ‘அபாங்’ என்பான், அண்ணன் என்று அர்த்தம். அவன் பேசியதை இங்கே தமிழாக்கித்தான் எழுதுகிறேன்.

என்னிடம் பழைய கிராமபோன் மட்டும் இருந்த காலத்திலிருந்தே ஐந்து வருஷப் பழக்கம். ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து, கீழே பாயில் கண்ணை மூடி உட்கார்ந்து, நான் போடுகிற நாதஸ்வர ரிக்கார்டு, வீணை ரிக்கார்டு எல்லாவற்றையும் கேட்பான். பாட்டின் சொல் ஒன்றும் புரியாது. ஆனால் தட்டு சுற்றும் வேகம் ஒரு மயிரிழை குறைந்தாலும் கண்ணைத் திறக்காமலே விரலைத் தூக்கிவிடுவான். அப்படிப்பட்ட காது.

அந்த வருஷம் ஆயுத பூஜை வந்தது. அரிவாள்மணை, சைக்கிள், தையல் மெஷின், என் வரைகருவிப் பெட்டி எல்லாவற்றையும் கழுவித் துடைத்துப் பொட்டு வைத்தாயிற்று. மனைவி சந்தனக் கிண்ணத்தோடு ஆம்பிளிஃபையர் செட்டுக்கு முன்னால் நின்றாள்.

“இதுக்கு வைக்க வேணாமாங்க?”

“இது என்ன மாட்டு வண்டியா, பொட்டு வைக்க? இங்கிலீஷ் சாமான்லா.”

“இங்கிலீஷ்காரன் வீட்டுல இருந்தா சரி. இப்ப நம்ம வீட்டுல தானே இருக்கு?”

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. அதைவிட எனக்குப் பயம் இருந்தது. எல்லாவற்றுக்கும் வைத்துவிட்டு இதை விட்டு, நாளைக்கு ஏதாவது ஆகிவிட்டால்? கிண்ணத்தை வாங்கிக்கொண்டேன். கூண்டைக் கழற்றி, ஈரத்துணியால் ஒவ்வொரு வால்வையும் குழந்தைக்கு முகம் துடைக்கிற மாதிரித் துடைத்தேன். பெரிய வால்வுகளுக்கு அடியில் கறுப்பாக ஒரு பாகம் இருக்கும். அதில் சந்தனம் வைத்து மேலே குங்குமம் வைத்தேன். ஆனால் முன்பக்கம் வைக்கவில்லை. துரை கப்பல் ஏறுவதற்குமுன் கடைசியாக ஒருமுறை கேட்டுவிட்டுப் போக வருவதாகச் சொல்லியிருந்தார். பார்த்தால் சிரிப்பாரே என்று மூன்று வால்வுக்கும் பின்பக்கம், சுவரைப் பார்த்த பக்கம், பொட்டு வைத்தேன். சாமியும் கோபிக்கக்கூடாது, துரையும் சிரிக்கக்கூடாது. பெரிய கெட்டிக்காரத்தனம்! கூண்டை மூடி, செட்டைச் சுவரோடு ஒட்டித் தள்ளினேன். துரை வரவேயில்லை. நானும் அதை மறந்துவிட்டேன்.

அடுத்த வருஷம் நடுவில் கோளாறு தொடங்கியது. முதலில் எனக்கு அது கோளாறாகவே தெரியவில்லை. சத்தம் காரமாக, எடுப்பாக இருந்தது. நாதஸ்வரம் காதைக் கிழித்துக்கொண்டு வந்தது. நான் மயங்கிப்போனேன். வருகிறவர்களிடமெல்லாம் “எப்படி இருக்கு பாத்தீங்களா?” என்று பெருமை அடித்தேன். மனைவி காதைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். பிறகு ஒரு நாள் தார் உருகுகிற வாடை வந்தது. கூண்டின் ஓட்டை வழியாகப் பார்த்தால் ஒரு வால்வின் உள்தகடு பழுத்துச் சிவந்திருந்தது. ஓடிப்போய் ஸ்விட்சை அணைத்தேன்.

நண்பன் வந்து முகர்ந்து பார்த்தான். ஆம்பிளிஃபையரை மட்டும் சைக்கிளில் கட்டி எடுத்துப் போனான். மூன்று நாள் கழித்துக் கொண்டுவந்து, அது முன்பு நின்ற மாதிரியே சுவரோடு வைத்து இணைத்தான்.

“வால்வுக்கு ஒண்ணும் இல்ல, அபாங். கண்டென்சர் ரெண்டு ஒழுகிப் போச்சு. இந்த ஊர் ஈரத்துக்கு அது தாங்காது. மாத்திட்டேன்.”

கண்டென்சர் என்பது சுண்டுவிரல் அளவு, மெழுகு பூசிய காகிதக் குழல். என் ராஜ சாமான் இந்தக் காகிதச் சுருளாலா படுத்தது? எனக்கு அது அவமானமாக இருந்தது. ரிக்கார்டைப் போட்டேன். சப்பென்று இருந்தது. அந்தக் காரம் இல்லை, அந்த எடுப்பு இல்லை.

“இப்பத்தாங்க காதுக்கு இதமா இருக்கு” என்றாள் மனைவி.

“உனக்குச் சட்டி பானை சத்தம்தான் தெரியும். பேசாம இரு.”

நண்பனும் அதையே சொன்னான். முன்பு கேட்டதுதான் கோளாறு, இதுதான் செட்டின் உண்மையான சத்தம், பத்து நாள் கேட்டால் பழகிவிடும் என்றான். எனக்குக் கோளாறு பழகிப்போய், நல்லது கோளாறாகத் தெரிந்திருக்கிறது. இதை ஒப்புக்கொள்ள எனக்குப் பத்து நாள் போதவில்லை.

அலுவலகத்தில் புலம்பினேன். அடுத்த மேசைக்காரர் ஒருவர், எந்த வம்பிலும் மூக்கை நுழைக்கிற ஆள், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வந்தார்.

“யோவ், உனக்கு விவரம் பத்தாதுய்யா. நல்ல வால்வ உருவிட்டு மட்டமானதப் போட்டிருப்பான்லா. சினிமாக் கொட்டகைக்கு அதே சைஸ் வால்வு வேணும்னு அலைஞ்சுக்கிட்டு இருந்தான், எனக்குத் தெரியும்.”

வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் கூண்டைக் கழற்றினேன். மூன்று பெரிய வால்விலும் கண்ணாடி மொட்டையாக இருந்தது. பொன்னெழுத்து இல்லை. ஐந்து வருஷம் என் வீட்டுப் பாயில் உட்கார்ந்தவன், என் காப்பியைக் குடித்தவன்!

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை அவன் வந்தான். வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை, கையில் ஒரு விண்ணப்பப் பாரம். கம்பம் கம்பமாகப் போகிற அரசாங்க ஒலிபெருக்கி வண்டிக்கு ஒரு மெக்கானிக் வேண்டுமாம். இருந்த வெள்ளைக்காரர் ஊருக்குப் போகிறார். சுதந்திரத்துக்குப் பிறகு அந்த இடம் நம் ஆளுக்கு. விண்ணப்பம் போடுகிறவனுக்கு இரண்டு நற்சான்றுக் கடிதம் வேண்டும். ஒன்று படித்த பள்ளியிலிருந்து, அது வாங்கிவிட்டான். மற்றது அவனை நன்றாகத் தெரிந்த ஓர் அரசாங்க ஊழியரிடமிருந்து. புதன்கிழமை கடைசி நாள்.

“அபாங்கை விட்டா எனக்கு யாரு இருக்கா? நாலு வரி எழுதினா போதும். இந்த வேலை கிடைச்சா எங்க வீட்டுல முதல் அரசாங்க உத்தியோகம் என்னுது.” அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அவன் முழுவதும் சொல்லி முடிக்கும்வரை நான் வாயைத் திறக்கவில்லை. வேண்டுமென்றேதான்.

பிறகு கூண்டைத் தூக்கினேன். “இதுல எழுத்து எங்க?”

அவன் குனிந்து பார்த்தான். “நான் தொறக்கும்போதே எழுத்து இல்லையே, அபாங்.”

“இல்லையா? என் கண்ணால பாத்தேன். அது என்ன, ரெக்க முளைச்சுப் பறந்துடுச்சா? கொட்டகைல எரியுது இல்ல, என் வால்வு?”

அவனுக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. புரிந்ததும் முகம் செத்துவிட்டது. ஆனாலும் குரலை உயர்த்தவில்லை. “இதத் திருப்பிப் பாருங்க. பின்பக்கம் பாத்துட்டு அப்புறம் பேசுங்க” என்று செட்டைத் திருப்பக் கையை நீட்டினான்.

“கைய எடு! எதுக்குத் திருப்பணும்? முதுகையும் மாத்திட்டியா?”

காப்பி கொண்டுவந்த மனைவி வாசலிலேயே நின்றுவிட்டாள். “அந்தத் தம்பிதான் சொல்லுதே, ஒரு தடவ திருப்பித்தான் பாருங்களேன்.” நான் அவளை முறைத்தேன்.

“கோயில் மேல சத்தியமா நான் எடுக்கல, அபாங்” என்றான்.

அப்போது நான் சொன்னதை எழுதக் கை கூசுகிறது. எழுதத்தான் வேண்டும். “தமிழ்ல ஒரு வார்த்த சொல்லிச் சாமி கும்பிடத் தெரியாத உனக்கு ஏதுடா சாமி, ஏதுடா சத்தியம்?” என்றேன். அதைத் தமிழில் சொன்னேன். அவனுக்கு முழுதும் புரியாமல் போய்விடுமோ என்று, நின்று நிதானமாக, மலாயில் இன்னொரு தடவை சொன்னேன். என் மலாய் கடைத்தெரு மலாய்தான். அந்த வேலைக்கு அது போதுமானதாக இருந்தது.

அவன் பாரத்தை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தான். என் மனைவியைப் பார்த்து, “வர்றேன், அக்கா” என்றான். அவனுக்குத் தெரிந்த கொஞ்சம் தமிழில் அது ஒன்று. காப்பி அப்படியே ஆறிக் கிடந்தது.

திங்கட்கிழமை நான் அலுவலகத்தில் நடந்ததைச் சொன்னேன். அடுத்த மேசைக்காரர் அதை ஊருக்குச் சொன்னார். செவ்வாய்க்கிழமை அவன் வேறு இரண்டு அரசாங்கக்காரர்களிடம் போனானாம். இருவரும் ‘பார்க்கலாம்’ என்றார்களாம். புதன்கிழமை போய்விட்டது. அதற்குப் பிறகு ரேடியோ கொடுக்க வருகிறவர்களும் குறைந்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். எனக்கு அப்போது திருப்தியாகத்தான் இருந்தது. பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது?

சுதந்திரம் வந்தது. திடலில் கொடி ஏறியதைப் பார்க்க நானும் மனைவியும் கூட்டத்தில் நின்றோம். ஒலிபெருக்கி வீல் வீலென்று கத்தியது. பேசியவர் நிறுத்தி நிறுத்திப் பேசினார். புதிதாக வேலைக்கு வந்த ஆள் வேர்த்து விறுவிறுத்து எதையோ திருகிக்கொண்டிருந்தான். சனங்கள் சிரித்தார்கள். “நம்ம தம்பி இருந்தா இப்படிக் கத்த விட்டிருக்குமா?” என்றாள் மனைவி. நான் கேட்காததுபோல் கொடியைப் பார்த்தேன்.

அதற்கு ஒரு மாதம் கழித்து ஆயுத பூஜை வந்தது. மனைவி மறுபடி சந்தனக் கிண்ணத்தை நீட்டினாள். இந்தத் தடவை சிரிக்கத் துரை இல்லை. முன்பக்கமே வைத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனாலும் பின்னால் தூசு தட்ட வேண்டுமே என்று கூண்டைக் கழற்றிச் செட்டைத் திருப்பினேன்.

மூன்று வால்வின் அடியிலும் பொட்டு இருந்தது.

சூட்டில் வெந்து, சந்தனம் பழுப்பாகி, குங்குமம் கறுத்து, ஓடுபோல் காய்ந்து ஒட்டியிருந்தது. என் விரல் பதிந்த பொட்டு. ஒன்று கொஞ்சம் கோணல், அதுவும் அப்படியே. அந்த வால்வை எத்தனை தடவை பிடுங்கிச் செருகினாலும் ஒரே திசையில்தான் உட்காரும், அடியில் அதற்கென்று ஒரு மூக்கு உண்டு. அதனால் வைத்த பக்கத்திலேயே மூன்றும் இருந்தன. செட்டு முழுவதையும் அவன் துடைத்துப் பளபளவென்று ஆக்கியிருந்தான். பொட்டைச் சுற்றி மட்டும் விரல் அகலத்துக்குப் பழைய தூசு வட்டமாக நின்றது. துணி படாமல் விலகித் துடைத்திருக்கிறான்.

மனைவியைக் கூப்பிட்டேன். “அந்த எழுத்து? எழுத்து எங்கடி போச்சு?” என்றேன், அவள் ஏதோ எடுத்துவிட்ட மாதிரி.

“போன வருசம் நீங்க தொடச்ச துணியில தங்கப் பொடியாட்டம் ஒட்டியிருந்துச்சுங்க. துவைக்கும்போது பாத்தேன்.”

“ஏன் சொல்லல?”

“நீங்க எப்ப என்னக் கேட்டீங்க?”

ஈரத்துணிக்கு அழிந்துவிடுகிற எழுத்து. நானே அழித்து, நானே பொட்டு வைத்து, நானே மறந்து, அவனைத் திருடனாக்கியிருக்கிறேன். திருப்பிப் பாருங்கள் என்றான். ஒரு கை அகலம் திருப்பியிருந்தால் போதும்.

அன்று மத்தியானமே நல்ல தாளில் ஆங்கிலத்தில் கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மறுநாள் அலுவலக முத்திரையும் குத்திக்கொண்டு சாயங்காலம் அவன் வீட்டுக்குப் போனேன். அவனுடைய அக்காள் மலாய்ப் பெண்களைப்போல் சாரோங் கெபாயா உடுத்தி வாசலில் நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் யாரென்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் ஒரு நாற்காலியைக் காட்டினாள். தம்பி சிங்கப்பூருக்குப் போய்க் கப்பலில் வேலைக்கு ஏறி ஒரு மாதம் ஆகிவிட்டது என்றாள்.

கடிதத்தை நீட்டினேன். ஆங்கிலம் தெரியாது, படித்துச் சொல்லுங்கள் என்றாள். நான் என் கடைத்தெரு மலாயில் படித்தேன். இவரை எனக்கு ஐந்து வருஷமாகத் தெரியும். கைசுத்தமானவர். என் வீட்டில் எதையும் நம்பி ஒப்படைப்பேன். படிக்கப் படிக்க என் குரல் எனக்கே அருவருப்பாக இருந்தது. அவள் கடைசி வரி வரை கேட்டாள்.

“அந்தப் பெட்டி இங்க இருந்த மூணு நாளும் அவன் கவிச்சி சாப்பிடல” என்றாள். “குளிச்சிட்டுத்தான் தொட்டான். உள்ள சாமிப் பொட்டு இருக்கு, அபாங் வெச்ச பொட்டு, அழியக்கூடாதுன்னு சொன்னான்.”

நான் மன்னிப்புக் கேட்கிற சொல்லைத் தேடிக்கொண்டிருந்தேன். அவள் கடிதத்தை மடித்து என் கையிலேயே திருப்பி வைத்தாள்.

“வேலை போனதுக்கு அவன் அழல. உனக்கு ஏது சாமின்னு கேட்டீங்களாமே. அதுக்குத்தான் அழுதான். இந்தக் கடிதத்துல அதுக்கு ஒண்ணும் எழுதலையே?”

எழுதவில்லை. அதை எப்படி எழுதுவது என்று எனக்கு இன்றும் தெரியாது. அவள் கொடுத்த, கப்பல் கம்பெனியின் சிங்கப்பூர் விலாசத்துக்கு மூன்று கடிதம் போட்டேன், பதில் இல்லை. பிறகு அவளும் செமாபோக் பக்கம் வீடு மாறிப் போய்விட்டாள்.

செட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. வீடு மாறும்போதெல்லாம் கூடவே வந்தது. கண்டென்சரைப் பிறகு நாலு தடவை மாற்றியாயிற்று, அந்த மூன்று வால்வை மட்டும் மாற்றவில்லை. இரண்டு செத்துவிட்டன, பாட்டு வராது. ஆயுத பூஜைக்கு மற்ற எல்லாவற்றுக்கும் புதுப் பொட்டு வைக்கிறோம், அதற்கு மட்டும் வைப்பதில்லை. செட்டைத் திருப்பித்தான் வைத்திருக்கிறேன், முதுகு முன்பக்கமாக, கூண்டு இல்லாமல். வருகிறவர்கள் ஏன் இப்படி என்று கேட்கிறார்கள். கோளாறு பார்க்க வசதி என்று சொல்கிறேன்.